வாசலைப் பார்த்த செருப்புகள்

கத்தாரில், ராஸ் லஃபான் பக்கம் நான் வண்டி ஓட்டிய காலத்தில் எனக்கு வாய்த்த சவாரி இரண்டே பேர். முன்சீட்டில் ஒரு கல்கத்தாக்காரர், பின்சீட்டில் ஒரு ஜப்பான்காரர். காலையில் அல்கோரில் ஏற்றிக்கொண்டு போய் சைட்டில் இறக்க வேண்டும், சாயங்காலம் திரும்பக் கொண்டுவந்து விட வேண்டும். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அந்தப் பக்கம் முழுக்க எரிவாயு ஆலைகள் எழும்பிக்கொண்டிருந்தன. குழாயில் வைக்கிற வெல்டிங்கை எங்கள் கம்பெனி சார்பில் கல்கத்தாக்காரர் பார்ப்பார், மேல்கம்பெனி சார்பில் ஜப்பான்காரர் பார்ப்பார். இரண்டு பேரும் தலையாட்டினால்தான் அடுத்த வேலை. அதனால்தான் இருவருக்கும் ஒரே வண்டி.

கல்கத்தாக்காரரை நான் தாதா என்று கூப்பிடுவேன். அவர்கள் ஊரில் அண்ணனுக்கு அதுதான் பெயர். நம் ஊர் ஆட்கள் யாராவது கேட்டால், 'என்னப்பா, ரவுடிய ஏத்திக்கிட்டுப் போறியா' என்று சிரிப்பார்கள். ரவுடியாவது மண்ணாவது! ஐம்பது தாண்டிய மனுஷன், சட்டைப் பையில் எப்போதும் ஒரு வெற்றிலைச் சீவல் பொட்டலம், மீன் என்றால் உயிர். எனக்கும் அவருக்கும் இந்திதான் பாலம். என் இந்தி அறந்தாங்கி இந்தி. அதையும் பொறுத்துக்கொண்டு பேசுவார்.

ஜப்பான்காரர் வேறு ரகம். வண்டியில் ஏறுவார், பெல்ட்டைப் போடுவார், கண்ணை மூடுவார். அவ்வளவுதான். எதிரே ஒட்டகம் வந்தாலும் சரி, நான் சடாரென்று பிரேக் போட்டாலும் சரி, திறக்க மாட்டார். சைட் மீட்டிங்கிலும் இதே கதைதான். ஒருமுறை தண்ணீர் பாட்டில் பெட்டியை உள்ளே வைக்கப் போனபோது பார்த்தேன். மேஜையைச் சுற்றி எல்லாரும் கத்திக்கொண்டிருக்கிறார்கள், இவர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருக்கிறார். லேபர் கேம்ப் முழுக்க அவருக்குத் தூங்குமூஞ்சி என்று பட்டப்பெயர். எனக்கும் எரிச்சல்தான். சம்பளம் கொடுத்துத் தூங்க அனுப்பியிருக்கிறானே ஜப்பான்காரன் என்று நினைத்துக்கொள்வேன்.

சைட் ஆபீஸ் ஒரு கேபின். வாசலில் சேஃப்டி ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாங்கள் கழற்றுகிற லட்சணம் தெரியுமே, ஒன்று இங்கே, ஒன்று அங்கே. திரும்பி வரும்போது ஜோடி தேடிக்கொண்டிருப்போம். தாதா மட்டும் கழற்றி, குனிந்து, இரண்டையும் சேர்த்து, மூக்கு வெளியே பார்க்கிற மாதிரி திருப்பி வைப்பார். வந்து காலை நுழைத்தால் அப்படியே நடந்துவிடலாம். ஜப்பான்காரரும் அப்படித்தான் வைப்பார். ஜப்பான் ஆட்கள் எல்லாருக்கும் அது பழக்கம் என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஆனால் கல்கத்தாக்காரருக்கு எங்கிருந்து வந்தது?

இதை ஜப்பான்காரரே ஒருநாள் கேட்டார். கேபின் வாசலில் நின்று தாதாவின் ஷூவை ரொம்ப நேரம் பார்த்தார்.

"யார் சொல்லிக்கொடுத்தது?" என்று கேட்டார். அவருடைய இங்கிலீஷ் எண்ணி எண்ணி வரும்.

"அப்பா."

"அப்பாவுக்கு?"

தாதாவுக்கு முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "அது பெரிய கதை சார். சொல்றேன்" என்றார். ஜப்பான்காரர் தலையைத் தாழ்த்தி, "தயவுசெய்து" என்றார்.

அன்றைக்குச் சாயங்காலம் புழுதிக்காற்று. ரோடே தெரியவில்லை. லைட்டைப் போட்டுக்கொண்டு வண்டிகள் ஊர்ந்தன. வழக்கத்தைவிட இரண்டு பங்கு நேரம் ஆகும் என்று தெரிந்ததும் தாதா பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு பின்பக்கம் திரும்பி உட்கார்ந்தார். கதையை இங்கிலீஷில் சொன்னார். எனக்குப் பாதிதான் விளங்கியது. மீதியை அப்புறம் இந்தியில் எனக்குச் சொன்னார், அதுவும் ஒரு தடவை இல்லை.

தாதாவின் அப்பா சின்னப் பையனாக இருந்தபோது, வெள்ளைக்காரன் ஆண்ட கல்கத்தாவில், அவர்கள் வீட்டு முன்னறையில் ஒரு ஜப்பான்காரர் குடியிருந்தார். சீமைச் சரக்கை வாங்காதே, நாமே செய்வோம் என்று வங்காளத்தில் ஊருக்கு ஊர் பட்டறை வைத்த காலத்தின் மிச்சம் அது. அப்படி ஒரு கண்ணாடிப் பட்டறையில் விளக்குச் சிம்னி ஊதக் கற்றுக்கொடுக்க வந்த ஆள் அவர். அவருடைய ஊர் கடலோரம். அங்கே மீன் வலைக்குக் கட்டுகிற மிதவைகூடக் கண்ணாடி உருண்டைதானாம். பையனுக்கு அதைச் சொல்லிச் சொல்லிக் காட்டுவாராம். சோறும் மீனும்தான் அங்கேயும் இங்கேயும் என்பதால் வீட்டோடு ஒட்டிக்கொண்டார். கடுகு அரைத்து விட்ட மீன் குழம்பைக் கண்ணில் தண்ணீர் வரச் சாப்பிட்டுவிட்டு இன்னொரு கரண்டி கேட்பாராம். செருப்பை வாசலைப் பார்த்துத் திருப்பி வைக்கிற பழக்கத்தைப் பையன் அவரிடம்தான் பிடித்துக்கொண்டான்.

பையனுக்கு ஒரு அக்கா. தாதாவுக்கு அத்தை. அத்தைக்கும் அந்தக் கண்ணாடிக்காரருக்கும் மனசு ஒத்துப்போய்விட்டது. ஊர் வாயை மூட முடியுமா? ஆனாலும் அவளுடைய அப்பா, தாதாவுக்குத் தாத்தா, கொஞ்சம் முற்போக்கு, கல்யாணத்தைப் பண்ணிவைத்தார். பையன் அவரை ஜாமாய்பாபு என்று கூப்பிட ஆரம்பித்தான், அதாவது அத்தான். பக்கத்துத் தெருவில் குடித்தனம். எல்லாம் நன்றாகத்தான் போனது.

பிறகு ஜப்பானோடு யுத்தம் என்று வந்தது. இந்தியாவில் இருந்த ஜப்பான் ஆட்களை எல்லாம் போலீஸ் பிடித்துத் தூரத்து முகாமுக்கு அனுப்பியது. அத்தை பிறந்த வீட்டிலேயே தங்கியிருக்கலாம், புருஷனோடு போகிறேன் என்றாள். போகிற வழியில் வீட்டைப் பார்த்துவிட்டுப் போக வந்தாள். தெருமுனையில் போலீஸ் நின்றது. தாத்தாவுக்கு சர்க்கார் வேலை. முற்போக்கு எல்லாம் அங்கே முடிந்துபோனது. மகனைக் கூப்பிட்டு, "கதவுக்குத் தாழ்ப்பாள் போடுடா" என்றார். பையன் போட்டான். அக்கா வெளியே நின்று அவனை வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயரால் கூப்பிட்டாள். வங்காளிகளுக்கு ஊருக்கு ஒரு பெயர், வீட்டுக்கு ஒரு பெயர். அந்த வீட்டுப் பெயரைச் சொல்லித் திரும்பத் திரும்பக் கூப்பிட்டாள். பையன் தாழ்ப்பாளில் வைத்த கையை எடுக்கவில்லை. அவள் போய்விட்டாள்.

அப்புறம் கல்கத்தாவில் ஜப்பான் விமானம் குண்டு போட்டபோது பக்கத்து வீட்டுக்காரர்கள், 'உங்க மாப்பிள்ளை வந்துட்டுப் போறாரு போல' என்று நக்கல் அடித்தார்களாம். பாவிகள். அத்தையும் புருஷனும் முகாமிலிருந்து கப்பலேறி ஜப்பானுக்குப் போனதாகக் கேள்வி. அத்தோடு சரி. அந்த வீட்டில் அவள் பெயரை எடுக்கவே கூடாது என்று ஆகிவிட்டது.

தாதாவின் அப்பா வளர்ந்து, தனி வீடு கட்டி, பகலில் ஒருநாளும் கதவைத் தாழ் போட விட்டதில்லை. நாய் நுழைந்தாலும் சரி, திருடன் நுழைந்தாலும் சரி. சாகக் கிடந்தபோது மகன் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாராம்: "அவ எங்கயாவது இருந்தா சொல்லு. தாழ்ப்பாள் போட்டது என் கைதான், என் மனசு இல்ல. அவ காலடிச் சத்தம் தெருவைத் தாண்டுற வரைக்கும் நான் கதவுக்குப் பின்னாடியேதான் நின்னேன்."

இதை எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, அந்தக் கண்ணாடி மிதவை ஊரின் பெயரையும் சொல்லி, தாதா கேட்டார்: "சார், அவங்க உயிரோட இருந்தா தொண்ணூறு பக்கம் இருக்கும். விசாரிக்க முடியுமா?"



கண்ணாடியில் பார்த்தேன். ஜப்பான்காரர் கையைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மூச்சு சீராக வந்தது. தாதா இன்னொரு தரம், "சார்?" என்றார். ஒன்றும் இல்லை. தாதா மெல்லத் திரும்பி நேராக உட்கார்ந்து பெல்ட்டை இறுக்கிக்கொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு ஹாரனை அழுத்தி எழுப்பிவிடலாமா என்று இருந்தது. வேலை போய்விடும் என்று சும்மா இருந்தேன்.

அல்கோரில் வண்டி நின்றதும் ஜப்பான்காரர் கண்ணைத் திறந்தார், இறங்கினார், வண்டியைப் பார்த்துக் குனிந்து கும்பிட்டார். தினமும் செய்வதுதான். அன்றைக்குக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்த மாதிரி எனக்குப் பட்டது. தாதா அந்தப் பக்கமே பார்க்கவில்லை.

"கேட்டியா பாய்? எங்கப்பா சாகும்போது சொன்னதை ஒருத்தனுக்குத் தாலாட்டாப் பாடியிருக்கேன்" என்றார்.

"விடுங்க தாதா. தூங்குமூஞ்சிகிட்டப் போய்ச் சொன்னீங்களே."

மறுநாளிலிருந்து தாதா என் வண்டியில் ஏறவில்லை. சைட் பஸ்ஸில் போனார். வெல்டிங் பார்க்கும் இடத்தில் ஜப்பான்காரரோடு வேலைப் பேச்சு மட்டும், அதுவும் முகம் பார்க்காமல். முன்சீட்டு காலியாகவே இருந்தது. ஜப்பான்காரர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொஞ்ச நாளில் லீவில் ஊருக்குக் கிளம்பினார். ஏர்போர்ட்டில் இறங்கும்போது, "அவருடைய மொபைல் நம்பர் வேண்டும்" என்றார். வேலை விஷயமாக இருக்கும் என்று கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமைகளில் தாதாவின் ரூமுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போவேன். மீன் வாங்கிக்கொண்டு போவது என் பொறுப்பு, சமைப்பது அவர் பொறுப்பு. ஜப்பான்காரர் லீவில் போயிருந்த ஒரு வெள்ளி, அல்கோர் மார்க்கெட்டில் நல்ல ஹமூர் கிடைத்தது. தாதா கடுகு அரைத்து விட்டுக் குழம்பு கூட்டியிருந்தார். தட்டில் சோற்றைப் போட்டு உட்கார்ந்த நேரம் அவருடைய போன் அடித்தது. எடுத்துப் பார்த்தார். எண்பத்தொன்றில் ஆரம்பிக்கிற நம்பர்.

"ஜப்பான். பாரு, லீவுல போயும் இந்தாளுக்கு வெல்டிங் ஞாபகம்!" என்று கட் பண்ணினார்.

மறுபடி அடித்தது. மறுபடி கட் பண்ணினார்.

"எடுங்க தாதா. என்னமோ ஏதோ."

"இன்னிக்கு ஜும்மா, எனக்கு டூட்டி இல்ல. அவர் தூங்கட்டும், நான் சாப்பிடறேன்." இதைச் சொல்லிக்கொண்டே போனை அணைத்துக் கட்டிலில் போட்டார். நானும் சிரித்தேன். அன்றைக்குக் குழம்பு அவ்வளவு நன்றாக இருந்தது. அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது, அதுதான் எனக்கு ஆத்திரம்.

லீவு முடிந்து வந்த ஜப்பான்காரரை அழைத்துவர ஏர்போர்ட்டுக்குப் போனேன். பின்கதவைத் திறந்துவிட்டேன். அவர் சுற்றி வந்து முன்சீட்டில், தாதாவின் இடத்தில், உட்கார்ந்தார்.

"அவருக்கு உடம்பு சரியில்லையா? போன் வேலை செய்யவில்லை."

"நல்லாத்தான் இருக்கார் சார்."

"நல்லது" என்றார். அப்புறம், "முதலில் அவர் ரூமுக்குப் போக வேண்டும்" என்றார். தோஹாவிலிருந்து அல்கோர் வரை அந்த மனுஷன் கண்ணை மூடவே இல்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தார்.

தாதா டூட்டி முடிந்து குளித்துவிட்டு லுங்கியில் இருந்தார். ஜப்பான்காரர் வாசலில் ஷூவைக் கழற்றி, தாதாவின் ஷூவுக்குப் பக்கத்தில், வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். உட்காரச் சொல்ல தாதாவுக்குத் தோன்றவில்லை. அவர் நின்றபடியே சொன்னார்.

"உங்கள் அத்தையைப் பார்த்தேன்."

தாதா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அந்த ஊருக்கு ரயிலில் போயிருக்கிறார். சின்ன ஊர். இந்தியாவிலிருந்து வந்த கண்ணாடிக்காரர் மனைவி என்றதும் மீன் கடையிலேயே கையைக் காட்டியிருக்கிறார்கள். புருஷன் போய் ரொம்ப நாள் ஆகிவிட்டது, பிள்ளைகள் இல்லை. முதியோர் இல்லம் ஒன்றில் அத்தை இருந்திருக்கிறார். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, வண்டியில் தாதா சொன்னதை முழுசாகச் சொல்லியிருக்கிறார். கடுகு மீனிலிருந்து, பக்கத்து வீட்டு நக்கல்வரை, தாழ்ப்பாள்வரை. ஒன்றைக்கூட விடவில்லை.

"நீங்க... நீங்க தூங்கலியா?" என்றார் தாதா.

ஜப்பான்காரருக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் முகம் வெளுத்துவிட்டது. "கனமான விஷயம் கேட்கும்போது நாங்கள் கண்ணை மூடிக்கொள்வோம். வேறு எதுவும் உள்ளே வரக் கூடாது என்று" என்றார். "உங்கள் அத்தையும் கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்டார்."

"ஏன் சார் அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லல?" இதைக் கேட்டது நான். எனக்கு நாக்கை அடக்கத் தெரியாது.

"கையில் ஒன்றும் இல்லாமல் எப்படிச் சொல்வது? உயிரோடு இருக்கிறாரா என்றே தெரியாது. ஆசை காட்டிவிட்டு இல்லை என்று சொன்னால் அது பெரிய தப்பு இல்லையா?" என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

"அத்தை என்ன சொன்னாங்க?" என்று தாதா கேட்டார்.

"'அது எனக்குத் தெரியும்' என்று சொன்னார். கதவுக்கு அடியில் இடைவெளி இருந்ததாம். தம்பியின் கால்விரல்கள் தெரிந்தனவாம். உள்ளே திரும்பிப் போகவில்லை, தன்னைப் பார்த்தபடியே நின்றன என்று சொன்னார். அந்த விரல்களைப் பார்த்துத்தான் அவ்வளவு நேரம் கூப்பிட்டாராம்."

தாதா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். அப்பன் ஆயுசு முழுக்கக் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு தவித்ததற்குப் பதில் அங்கே கடலோரத்தில் ஒரு கிழவியிடம் இத்தனை வருஷம் இருந்திருக்கிறது. யார் யாரிடம் சொல்ல? அடப் போங்கய்யா.

ஜப்பான்காரர் இன்னும் முடிக்கவில்லை. தம்பி மகனின் குரலைக் கேட்க வேண்டும் என்று அத்தை ஆசைப்பட்டிருக்கிறார். வங்காளம் பேசி ஒரு ஆயுசு ஆகிவிட்டது, ஏதோ ஒரு வாக்கியத்தை வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவர் நம்பரைப் போட்டு மொபைலை அவர் கையிலேயே கொடுத்திருக்கிறார். காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கட் ஆனது. லைன் சரியில்லை என்று இவர் மறுபடி போட்டார். மறுபடி கட் ஆனது.

"மூன்றாவது முறை யாரோ எடுத்தார்கள்" என்றார் ஜப்பான்காரர். "அவர் ரொம்ப நேரம் கேட்டார். பிறகு போனை என்னிடம் கொடுத்துவிட்டார். ஒரு பெண் பேசுகிறாள், ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை, என் பாஷை எனக்கு மறந்துவிட்டது என்று சொன்னார். மறுபடி போடட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். நான் கிளம்புவதற்கு முதல்நாள் அவர் இறந்துவிட்டார்." நிறுத்திவிட்டுக் கேட்டார்: "அந்தப் பெண் உங்கள் மனைவியா?"

தாதா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். எந்தப் பெண் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். கத்தாரில் போனை அணைத்துவைத்தால், நீங்கள் அழைக்கும் எண் அணைக்கப்பட்டிருக்கிறது என்று முதலில் அரபியில் சொல்கிற பதிவுக்குரல்.

ஜப்பான்காரரிடம் யாரும் எதையும் சொல்லவில்லை. அவர் எங்கள் முகத்தைப் பார்த்தார், புரிந்துகொண்டாரோ என்னவோ, நெற்றி முழங்காலைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தார். வாசலில் இருந்த ஷூவில் காலை நுழைத்துக்கொண்டு, வண்டிகூட வேண்டாம் என்று நடந்தே போனார்.

தாதா தன் போனை எடுத்து அணைத்தார். "உன் மொபைலைக் கொடு பாய்" என்றார். கொடுத்தேன். தன் நம்பரையே போட்டுக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

அறைக்குள் அந்தப் பெண்ணின் குரல் எனக்கும் லேசாகக் கேட்டது. அரபியில் பொறுமையாக முழுசும் சொன்னாள். இங்கிலீஷில் ஆரம்பிப்பதற்குள் தாதா போனை இறக்கிவிட்டார்.

"நல்ல குரல்தான் பாய்" என்றார். "அதான் அவ்வளவு நேரம் கேட்டிருக்காங்க."